வெற்றிலைபாக்குச் செலவு

போன மாதம் என் மைத்துனன் எனக்கு வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். 'வீடு விற்கப் போறீங்களா? இந்தப் பதினான்கு செலவையும் மறந்துடாதீங்க!' என்று தலைப்பு. இரண்டு பக்கமும் நெருப்புப் படம். கீழே, பத்துப் பேருக்குப் பகிரச் சொல்லி ஒரு கும்பிடு. சும்மா படித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது வரியில் 'தண்ணீர் வறி பாக்கி' என்று இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் வரிக்கு வல்லின றி போடுகிறவன் நான் ஒருவன்தான். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது தட்டெழுதிய பட்டியல் அது. பிழையைத் திருத்த நேரமில்லாமல் பல வருஷம் அப்படியே ஓடியது. இப்போது யார் யார் போனிலோ சுற்றி, என் பேரைத் தொலைத்துவிட்டு, என் பிழையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. உறுத்தியது வேறு: அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய முதல் வரி இல்லை. அதைக் கேட்கவும் எனக்கு வாய் கிடையாது. அந்த வரியை வெட்டிய மகானுபாவனும் நானேதான். பிற்பாடு திருப்பிச் சேர்த்துவிட்டேன். ஆனால் ஊரில் ஓடுவது வெட்டிய பிரதிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன். ஓய்ந்தவன் என்பது மரியாதைக்கு. எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு பாஸ்வேர்டை மறந்து மறந்து, கடைசியில் கடையையே மறந்துவிட்டேன். பி.காம். முடித்து, பாங்க் பரீட்சை இரண்டு தடவை எழுதி, மூன்றாம் தடவை விண்ணப்பிக்கக் காசில்லாமல் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் என்பது அவர் பேர் இல்லை. ஆனால் அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு. ஆறு வருஷம் அங்கே நான்கு எல்லையும் எழுதி எழுதி, எங்கே நின்றாலும் வடக்கு எது என்று பார்க்கிற வியாதி வந்துவிட்டது. என் கல்யாண மேடையில்கூடப் பார்த்தேன்.

பெரியவருக்கு வாய் எப்போதும் சிவந்திருக்கும். வெற்றிலை போடாத நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

வீடு விற்க வருகிறவர்களிடம் அவர் விலையைக் கேட்க மாட்டார். உட்காரச் சொல்வார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "வித்துட்டு எங்கிட்டுப் போயிப் படுப்பீங்க?" என்பார். சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பத்திரம் எழுதச் சொன்னா படுக்கையக் கேக்குறீங்களே" என்று எழுந்து போனவர்களும் உண்டு. பாதிப் பேர் மறுநாள் திரும்பி வந்துவிடுவார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்.

அதன் பிறகு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் திருப்புவார். வெறும் பக்கத்தில் அடியிலிருந்து எழுதத் தொடங்குவார். அடியில் 'கைக்கு நிற்க வேண்டியது' என்று ஒரு தொகை. உச்சியில் விலை. நடுவே செலவு. எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பத்திரச் செலவு வாங்குகிறவன் பாடு, விற்கிறவனுக்குப் பேனா பிடிக்கிற செலவுகூடக் கிடையாது என்பார்கள். புரோக்கர் கமிஷன், வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் அதற்கு நகல், செத்துப்போன மாமனார் பேரில் ஓடும் கரண்டு பில், வீட்டு வரி, என் பிழையால் புகழ்பெற்ற தண்ணீர் வரி என்று பெரியவர் ஒவ்வொன்றாக எழுத எழுத, எதிரே இருப்பவர் முகம் இறங்கிக்கொண்டே போகும். "லாபத்துக்கு வரி உண்டான்னு ஆடிட்டரக் கேட்டுக்கங்க, எனக்குத் தெரியாது" என்று அதற்கும் ஓர் இடம் விடுவார்.

சீட்டின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: வெற்றிலைபாக்கு. அதற்கு எதிரே சிலருக்கு ஐம்பது ரூபாய் இருக்கும். சிலருக்கு முந்நூறு. அடப்பாவி, வாய்க்குப் போடுவதை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறாரே, அதுவும் ஆள் பார்த்து வசூல் பண்ணுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். சம்பளம் தருகிறவரிடம் இதையெல்லாம் கேட்க முடியுமா?

ஒரு தடவை திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்றின் பெரிய வீடு விலைக்கு வந்தது. பங்காளிகள் பதினோரு பேர். அதில் ஒருவர் சென்னையிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்தார். பெரியவர் அவருக்குத் தனிச்சீட்டு போட்டார். காரை நிறுத்தி வைத்திருக்கும் வாடகை, ஓட்டல், இன்னும் மூன்று தடவை வந்து போகிற செலவு எல்லாம் போனால் அவர் பங்கில் ஒரு நல்ல மிக்சிதான் வாங்கலாம் என்று தெரிந்தது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முதல் வரியைப் பார்த்தார். வெற்றிலைபாக்கு, மூவாயிரம்.

"இது என்னங்க வெத்தல?"

"அதான் முக்கியம். நீங்க செய்யிறீங்களா, நான் செய்யட்டுமா?"

"எனக்கெங்க நேரம்? நீங்களே பாத்துக்கங்க" என்று மூவாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு அவர் கார் ஏறினார். பெரியவர் பணத்தை மடியில் செருகிக்கொண்டு இரண்டு நாள் கடைக்கே வரவில்லை. மூவாயிரத்துக்கு மென்றால் தாடை கழன்றுவிடாதா என்று நானும் பக்கத்து டீக்கடைக்காரரும் பேசிச் சிரித்தோம். மூன்றாம் நாள் வந்தார். அடுத்த வாரம் பதினோரு பேரும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். நல்ல காலம் என்று நினைத்தேன். என் மண்டை அவ்வளவுதான் வேலை செய்தது.

பெரியவர் போன பிறகு கடை எனக்கு வந்தது. கம்ப்யூட்டர் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை முதுகில் எழுதுவது அசிங்கமாகப்பட்டது. சீட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று அழகாகக் கட்டம் போட்டேன். பெயிண்ட் என்று ஒரு வரி சேர்த்தேன். விற்கப் போகிற வீட்டுக்கு மூன்று கை பெயிண்ட் அடித்து, நாலாம் நாள் வாங்கினவர் அதை ஜேசிபி வைத்து இடித்த கூத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்புறம் முதல் வரிக்கு வந்தேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. எனவே வெற்றிலைபாக்கை அடித்துவிட்டேன். என்ன நேர்மை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த இடத்தில் 'கூட்டாளிகள் கையெழுத்துச் செலவு' என்று நவீனமாக ஒன்று போட்டேன். வெளியூரில் இருக்கிற பங்குதாரர்களை, குறிப்பாகக் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளைக் கையெழுத்துக்கு வரவழைக்க ஏதாவது கொடுக்க வேண்டி இருக்குமே, அதற்கு.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. பிறகுதான் பாக்கியம் வந்தார்.

பாக்கியத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. புருஷன் இறந்து இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. வல்லத்திராக்கோட்டையில், காலமாகிவிட்ட மாமனார் கட்டிய வீடு இருந்தது. விடுதியில் காலை நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரத்துக்கு ஊரிலிருந்து எந்த பஸ் வரும்? வாரத்தில் ஆறு நாள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் பாணியில் நானும் கேட்டேன், வித்துட்டு எங்கிட்டுப் படுப்பீங்க என்று. ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

"விடுதிக்குப் பக்கத்துல ஒரு ரூமும் அடுப்படியுமா சின்ன வீடு ஒண்ணு பத்து லட்சத்துக்கு வருதுங்க. அத வாங்கிடணும். உள்ள போயி நானே தாழ்ப்பாப் போட்டுட்டுப் படுக்கணும். ஸ்டோர் ரூமுக்கு வெளியிலதாங்க பூட்டு."

வல்லத்திராக்கோட்டை வீடு பன்னிரண்டு லட்சத்துக்குப் பேசி முடிந்திருந்தது. வாங்குகிறவர் கொடுத்த முன்பணம் ஒரு லட்சத்தை அப்படியே கொண்டுபோய்ப் புது வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டார். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கட்டிப் பதியாவிட்டால் அந்த ஒரு லட்சம் திரும்பி வராது. இங்கே வாங்கினதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சீட்டுப் போட்டேன். வரவு பன்னிரண்டு. புரோக்கர் கமிஷன் இருபத்துநாலாயிரம். சான்றிதழ், வரி பாக்கி, கரண்டு பாக்கி, பத்திரம் எழுதுகிற செலவு என்று இருபத்தாறாயிரம். மிச்சம் பதினொன்றரை லட்சம். புது வீட்டில் அவரே வாங்குகிறவர் ஆகிவிட்டதால் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், சாமான் ஏற்றுக்கூலி எல்லாம் அவர் பாடு. அதோடு சேர்த்துப் பதினொன்று முப்பது வேண்டும். நின்றது இருபதாயிரம்.

மாமனாருக்கு ஒரு மகளும் உண்டு. பாக்கியத்தின் புருஷனுக்கு அக்கா, முத்துலெட்சுமி. மீமிசலில் மீன் வியாபாரம். அவர் தம் பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால்தான் வீட்டை விற்க முடியும். நான் செலவுப் பத்தியில் அடித்தேன்: மீமிசல் கையெழுத்து, 20,000. எதற்கு இருபதாயிரம் என்றால், இருபதாயிரம்தான் மிச்சம் இருந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு அவள் அப்பன் வீட்டில் என்ன சேரும் என்பதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

புரோக்கர் செல்வம் சுறுசுறுப்பான ஆள். முத்துலெட்சுமி நம்பரை வாங்கி அவனே செய்தி அனுப்பினான்: 'வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஆதார், பான், 2 போட்டோவுடன் பதிவு அலுவலகம் வரவும்.' பதிலுக்கு ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது, 'இனிய காலை வணக்கம்' என்று. "சம்மதிச்சிருச்சுண்ணே" என்றான் செல்வம்.

வியாழக்கிழமை முத்துலெட்சுமி வரவில்லை. டோக்கன் வீண். போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுபடி செய்தி, மறுபடி ரோஜா. மூன்று மாதக் கெடுவில் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

"அம்பதாயிரம் எதிர்பாக்குதுண்ணே. இல்லாட்டிப் பாதி கேட்டாலும் கேக்கும்" என்றான் செல்வம்.

பாதி என்றால் ஆறு லட்சம். சட்டப்படி கேட்கலாம். கேட்டால் பாக்கியத்துக்கு வீடும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்து என் அழகான சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்டரய்யா, இதுல வெத்தலபாக்கு இல்லையேங்க?" என்றார்.

"எது?"

"எங்க மாமா கொல்லைய வித்தப்ப பெரியவரு எழுதுன சீட்டு எங்க வீட்டுல இருக்குங்க. மொத வரியே வெத்தலபாக்குதான்."

"அது அவரு காலம். எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது. அதான் எடுத்துட்டேன்" என்றேன், பெருமையாக.

பாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தனை கவலையிலும் சிரித்தார். "ஐயோ, அது உங்க வாய்க்கு இல்லைங்க! பங்குக்காரங்கள நேர்ல போயி, தட்டுல வெத்தலபாக்கு வச்சு அழைக்கிறதுக்குங்க. கல்யாணத்துக்கு அழைக்கிறோம்ல, அது மாதிரி. கையெழுத்துக்கு வாங்கன்னு செல்வந்தானே மெசேஜ் போட்டாரு? நான் வேற, நீங்கள்லாம் படிச்சவங்க, இப்பல்லாம் இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

மறுநாள் இரண்டு பேரும் அறந்தாங்கி போய் மீமிசல் பஸ் பிடித்தோம். பாக்கியம் மடியில் பை. பைக்குள் தட்டு, வெற்றிலைபாக்கு, பழம், பூ. மொத்தச் செலவு நூற்றெண்பது ரூபாய். ஆவுடையார்கோவில் தாண்டும்போதுதான், அந்த மூவாயிரத்தோடு பெரியவர் இரண்டு நாள் எங்கே போனார் என்பது எனக்கு உறைத்தது. எவன் எவன் வாசலிலோ தட்டோடு நின்றிருக்கிறார். நான் டீக்கடையில் அவர் தாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

முத்துலெட்சுமி மீன் இறங்குகிற இடத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். காதில் பேனா. எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பெட்டிகளை எண்ணினார். ஒரு மணி நேரம் நின்றோம். வேன் போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"யாரு? வியாழக்கிழம பத்து மணியா?"

"மதினி, தப்புத்தான். வாங்கன்னு கூப்பிட வந்திருக்கேன்" என்று பாக்கியம் தட்டை நீட்டினார்.

"என்னைய ஆளாவே மதிக்கலேல்ல நீ? ரெண்டு போட்டோவோட வரவுமாம்! அது எங்க அப்பா வீடுடி. தம்பி செத்து பதினாறு கும்பிட்டு வந்தவதான். பெறகு ஒரு நாளு, ஒரு பொழுது, வாங்க மதினின்னு ஒரு வார்த்த உண்டா? நானா வந்து நின்னா பங்குக்கு வந்திருக்கான்னு ஊரு பேசும். கூப்பிட்டாத்தானே வர முடியும்?"

"நானும் அதாங்க மதினி பயந்தேன். கூப்பிட்டா பங்க விட்டுக் குடுன்னு கேக்க வந்துட்டான்னு நெனப்பீங்களேன்னு."

சொல்லிவிட்டுப் பாக்கியம் அழுதுவிட்டார். முத்துலெட்சுமி தட்டை வாங்கி ஐஸ் பெட்டி மேல் வைத்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. அது என் பக்கம் திரும்பியது.

"நீங்க யாரு, ரைட்டரா? கையில என்ன அது?"

இருபதாயிரத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று சீட்டைக் கையில் வைத்திருந்தேன். பிடுங்கிக்கொண்டார். தினமும் நூறு பெட்டிக்குக் கணக்குப் பார்க்கிறவருக்கு என் கட்டங்கள் எம்மாத்திரம்? விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மீமிசல் கையெழுத்து. இது நானா?"

"ஆமாங்க."

"இது என்ன பக்கம்?"

"செலவுங்க."

"கரண்டு பாக்கி, தண்ணி வரி, அதுக்குக் கீழ நான். எங்க அப்பா கட்டுன வீட்டுல நான் செலவா ரைட்டரு?"

சீட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"பாதி எனக்குன்னு தெரியாதுன்னு நெனச்சீங்களா? எங்க பொட்டப்புள்ளைகளுக்கும் சட்டம் தெரியும். பன்னெண்டு லட்சம் வரவுன்னு எப்படி எழுதுனீங்க? அவளுக்கு வரவு ஆறுதான். மீதி ஆறு யாரு குடுக்குறா?" காதிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் திணித்தார். "அடிங்க அந்த வரிய. வரவுப் பக்கத்துல எழுதுங்க. முத்துலெட்சுமி குடுத்ததுன்னு எழுதுங்க."

ஐஸ் பெட்டி மேல் வைத்து எழுதினேன். விற்பனையில் பாக்கியம் பங்கு ஆறு லட்சம். முத்துலெட்சுமி கொடுத்தது ஆறு லட்சம். வரவு பன்னிரண்டு. அத்தனை வருஷத்தில் நான் போட்ட சீட்டுகளில் கணக்குச் சரியாக இருந்தது அந்த ஒன்றில்தான்.

"மிஞ்சுற இருபதாயிரத்துக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கு" என்று பாக்கியத்திடம் சொன்னார் முத்துலெட்சுமி. "பால் காய்ச்சுறதுக்கு என்னைய நேர்ல வந்து கூப்பிடணும். மெசேஜ் போட்டே, வந்து கதவ ஒடைப்பேன்."

அடுத்த புதன்கிழமை, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே முத்துலெட்சுமி பதிவு அலுவலகத்தில் இருந்தார். பட்டுச்சேலை. ரேகை வைத்தார், கேமராவைப் பார்த்தார். அதிகாரி எல்லாரையும் கேட்கிற கேள்வியை, எங்கோ பார்த்துக்கொண்டே அவரையும் கேட்டார்.

"விருப்பப்பட்டுத்தானே எழுதித் தர்றீங்க? பணம் வாங்கிட்டீங்களாம்மா?"

"வாங்கல சார். குடுத்திருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பணம் வாங்காம விட்டுக் குடுக்குறதுதான் சார், பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்று அவசரமாகச் சொன்னேன். "அதத்தானே அவங்களும் சொல்றாங்க?" என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

அதை அடுத்துப் பழைய வீட்டு விற்பனை பதிவானது. கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் புது வீடும் பாக்கியத்தின் பேருக்குப் பதிவாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கியம் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் தட்டு. வெற்றிலைபாக்கு, பழம், பூ. பால் காய்ச்ச வரச்சொல்லி அழைக்க வந்திருக்கிறார். போன் பண்ணியிருக்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். தட்டை வாங்கிக்கொண்டு, வெற்றிலையை எடுத்து யார் யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"யாருகிட்டயும் வேணாங்க ரைட்டரய்யா. இது உங்க வாய்க்குத்தான்."